வாட்டர்லூவா, டொரன்டோவா? கோத்தகிரி வராந்தாவில் முடிவான கதை

கனடா வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன குடும்பங்களிலிருந்து ஒவ்வொரு ஏப்ரல், மே மாதமும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "பையனுக்கு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ரெண்டு இடத்துல கிடைச்சிருக்குங்க, எதுல சேர்க்கிறது?" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைக்கிறேன். நான் இருப்பது டொரன்டோவை ஒட்டிய மிசிசாகாவில். ஆகவே இது ஒன்டாரியோ கதை மட்டும்தான். வேறு மாகாணத்துக்குப் போனவர்கள் அங்கே உள்ள பழைய ஆட்களைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த முடிவு கனடாவில் எடுக்கப்படவில்லை. அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். மே மாதத்தில் பையனுக்குப் பள்ளியில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு எல்லோரும் கோத்தகிரி போயிருந்தோம். கையில் இரண்டு இடம்: வாட்டர்லூ பல்கலைக்கழகம், டொரன்டோ பல்கலைக்கழகம். ஜூன் தொடக்கத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீடு நிறையச் சொந்தக்காரர்கள், ஆளுக்கு ஒரு யோசனை. என் பெரிய மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "டொரன்டோன்னா உலகத்துக்கே தெரியும். வாட்டர்லூ நெப்போலியன் தோத்த ஊரு, அங்க போய் எதுக்கு?"

சிரித்தாலும், உள்ளுக்குள் நானும் அவர் கட்சிதான். நம் மண்டையில் கவுன்சலிங் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. 200க்கு எவ்வளவு கட்ஆஃப், அந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பெரிய பெயர் எது, டிக் அடி, முடிந்தது. ஒன்டாரியோவில் நுழைவுத் தேர்வே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாட மதிப்பெண், அதற்கு மேல் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் படிவம். இந்த இரண்டு இடத்துக்கும் மதிப்பெண் தொண்ணூறுகளில் வேண்டியிருக்கும். இரண்டிலும் இடம் வாங்கிய பிள்ளைக்கு எது பெரிய பெயர் என்ற கேள்வி அனேகமாக வீண். வேலை கொடுக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். வித்தியாசம் இருப்பது படிப்பின் ஓட்டத்தில்.

வாட்டர்லூ 1957இல் தொடங்கியபோதே படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் கோஆப் முறையோடுதான் தொடங்கியது. நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை, திரும்ப வகுப்பு. எட்டு படிப்புப் பருவம், ஆறு வேலைப் பருவம் வரை. மொத்தம் நான்கு வருடம் எட்டு மாதம் ஆகும், கோடை விடுமுறை என்ற ஒன்றே கிடையாது. டொரன்டோவில் இதற்கு பிஇஒய் (புரொஃபஷனல் எக்ஸ்பீரியன்ஸ் இயர்) என்று பெயர், அது விருப்பப் பாடம் மாதிரி. பெரும்பாலும் மூன்றாம் வருடம் முடித்துவிட்டு ஒரே கம்பெனியில் 12 முதல் 16 மாதம் தொடர்ந்து வேலை, அப்புறம் வந்து கடைசி வருடம். வேண்டாம் என்றால் நான்கே வருடத்தில் வெளியே வந்துவிடலாம்.

இதை வராந்தாவில் உட்கார்ந்து அப்பாவுக்கு விளக்க நான் திணறினேன். அவர் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அட, நம்ம பிஎஸ்ஜி சாண்ட்விச் மாதிரிங்கிறே" என்றார். அதேதான். கோயம்புத்தூர் பிஎஸ்ஜி டெக்கில் ஐந்து வருட சாண்ட்விச் படிப்பு முடித்த பையன்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறார்கள். "அந்தப் பசங்க மொத நாளே மோட்டாரைத் தொடுவானுங்க. மத்தவனுங்க பயந்துக்கிட்டு நிப்பானுங்க." அப்புறம் பேரனைப் பார்த்து, நாங்கள் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: "அது சரி கண்ணு, அந்த நாலு மாசம் எந்த ஊருல தங்குவே? அப்ப இந்த ரூம் வாடகை யாரு கட்டுவா?"

புதிதாக வந்தவர்கள் இந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். முதல் வருடம் விடுதி பிரச்சினை இல்லை, கெடு தேதிக்குள் விண்ணப்பித்தால் இரண்டு இடத்திலும் அறை கிடைக்கும். இரண்டாம் வருடத்திலிருந்துதான் ஆட்டம். வாட்டர்லூவில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் 12 மாத ஒப்பந்தம் கேட்பார்கள், பிள்ளையோ நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாறும். வேலை ஆட்டவாவில் கிடைத்தால் அங்கே ஒரு அறை பார்க்க வேண்டும், இங்கே உள்ள அறையை வேறு மாணவனுக்கு உள்வாடகைக்கு விட வேண்டும். கோடையில் உள்வாடகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு ஒரு கோடையில் இரண்டு வாடகை கட்டிய அனுபவம் உண்டு. பட்ஜெட் போடும்போது அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

டொரன்டோவில் இந்த அலைச்சல் இல்லை. அதற்குப் பதில், "மிசிசாகாவிலிருந்து தினமும் போய்வரட்டுமே, வாடகை மிச்சம்" என்று நமக்கு ஆசை வரும். போர்ட் கிரெடிட்டில் கோ (GO) புறநகர் ரயில் ஏறினால் டொரன்டோ யூனியன் ஸ்டேஷனுக்கு அரை மணி நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன், யூனியனில் இறங்கி சப்வே, பனிக்காலத் தாமதம் எல்லாம் சேர்த்தால் போக வர இரண்டரை மணி நேரம் போய்விடும். லேப் முடிய ராத்திரி ஆகும் படிப்பு இது. முதல் வருடமாவது அங்கேயே தங்கட்டும் என்பது என் கட்சி. மலையில் பிறந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. இன்ஜினியரிங் என்றாலே "கீழே போய்" படிப்பதுதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இருந்தும் நம் பிள்ளைகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில்தானே இருந்தார்கள்? இங்கே வந்ததும் மட்டும் ஏன் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறோமோ தெரியவில்லை.

இன்னொரு குழப்பம், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒன்றுதான் என்று நினைப்பது. ஊரில் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்) என்பது பிஇ பட்டம். இந்த இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் துறையிலேயே இல்லை. வாட்டர்லூவில் அது கணிதத் துறைக்குக் கீழே, டொரன்டோவில் கலை அறிவியல் துறைக்குக் கீழே. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்பது நம் ஊர் இசிஇயும் (எலக்ட்ரானிக்ஸ்) சிஎஸ்இயும் கலந்த மாதிரி: மின்சுற்று, டிஜிட்டல் லாஜிக், சிக்னல்ஸ், பிராசசர் வடிவமைப்பு, அதோடு புரோகிராமிங். மின்காந்தவியல் கூட உண்டு. ஆப் எழுத மட்டும் ஆசைப்படும் பிள்ளையை இதில் போட்டால் இரண்டாம் வருடத்தில் அழும். "சேர்ந்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கலாம்" என்ற எண்ணத்தோடு சேர்க்காதீர்கள். அது வேறு துறை, இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

பிள்ளை எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? எனக்குக் குன்னூர் ஸ்டேஷனில் தெரிந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மலை ரயிலில் நீராவி இன்ஜினைக் குன்னூரில் கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் என் பையன் இறங்கி, நீராவி இன்ஜினின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறதே, அதைக் கடிக்கிற சக்கரத்துக்குத் தனி சிலிண்டரா, இரண்டு வேகமும் எப்படி ஒத்துப்போகிறது என்று அங்கிருந்த ஊழியரைப் பிடித்துக் கேள்வி மேல் கேள்வி. அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். அதே வயது என் அண்ணன் மகள் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது வேறு: "சித்தப்பா, இந்த டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் எந்த வரிசைல நகருது? அதுக்கு என்ன லாஜிக்?" இவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ், அவனுக்கு இன்ஜினியரிங். இரண்டுமே நல்ல கேள்விதான்.

எலக்ட்ரிகலா கம்ப்யூட்டரா என்று தடுமாறும் பிள்ளைக்கு டொரன்டோ வசதி. அங்கே முதல் இரண்டு வருடம் இரண்டுக்கும் பாடம் ஒன்றே, அப்புறம் பிரிந்துகொள்ளலாம். எந்தப் பொறியியல் என்றே தெரியாவிட்டால் அங்கே டிராக் ஒன் என்ற பொது முதல் வருடம் இருக்கிறது. ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டரிலும் முதல் வருடம் எல்லோருக்கும் பொதுதான். மெக்மாஸ்டரை நம் ஆட்கள் மூன்றாம் இடம் என்று ஒதுக்குகிறார்கள், அது நியாயமில்லை. டொரன்டோ விஷயத்தில் இன்னொன்று: மிசிசாகாவிலும் ஸ்கார்பரோவிலும் அவர்களுக்கு வளாகம் உண்டு, ஆனால் பொறியியல் நகரின் நடுவில் உள்ள செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் மட்டும்தான். வீட்டுப் பக்கத்திலேயே காலேஜ் என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையோடு வந்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். "கம்ப்யூட்டர் படிக்கப்போற பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரி எதுக்கு?" என்று விட்டுவிடுவார்கள். பொறியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி கட்டாயம். அதோடு பிசிக்ஸ், அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்ட் வெக்டர்ஸ், இங்கிலீஷ். ஐந்தும் போக ஆறாவது பாடம் விருப்பம். ஒரு பாடம் விட்டுப்போனால் பிறகு எத்தனை 98 வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே கைடன்ஸ் கவுன்சிலரிடம் இந்தப் பட்டியலைக் காட்டிவிடுங்கள். நம் பிள்ளைகளைக் கூச்சம் காரணமாகச் சுலபமான பாடப்பிரிவில் போட்டுவிடுவது நடக்கிறது. மரியாதையாகவே, ஆனால் விடாமல் கேளுங்கள்.

பணம். நிரந்தரக் குடியுரிமை இருந்தால் வருடத்துக்குச் சுமார் 15,000 டாலரை ஒட்டிய கட்டணம், வெளிநாட்டு மாணவர் என்றால் 60,000க்கு மேல். நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குச் சில நிலைமைகளில் விலக்கு உண்டு. பல்கலைக்கழக ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாட்டர்லூவில் கட்டணம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அந்தந்தப் படிப்புப் பருவத்துக்கு. இடையில் வரும் கோஆப் சம்பளம் அடுத்த தவணைக்கு உதவும். அதை மட்டுமே நம்பிவிடாதீர்கள், கோஆப் வேலை யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. விண்ணப்பித்து, நேர்காணலில் ஜெயித்துத்தான் வாங்க வேண்டும். முதல் பருவத்தில் என் பையனுக்கு நேர்காணலே மூன்றுதான் வந்தது. முதல் இரண்டும் கைவிட்டுப் போனபோது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போனில் ஒன்றும் பேசாமல் இருந்தான்.

ஆர்இஎஸ்பி என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. வருடத்துக்கு 2,500 டாலர் போட்டால் அரசு 20 சதவீதம், அதாவது 500 டாலர் சேர்க்கும். மொத்தமாக 7,200 வரை கிடைக்கும். ஆனால் பெரிய பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது: 16, 17 வயதில் அந்த மானியம் வேண்டுமென்றால், பிள்ளைக்கு 15 வயது ஆகும் ஆண்டின் டிசம்பருக்குள் கணக்கில் குறைந்தது 2,000 டாலர் போட்டு எடுக்காமல் வைத்திருக்க வேண்டும், அல்லது அதற்கு முன் ஏதாவது நான்கு வருடம் 100 டாலராவது போட்டிருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையோடு இறங்கியவர்கள் சோஃபா வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நான் செய்யவில்லை.

என் பையன் வாட்டர்லூதான் எடுத்தான். அங்கே கோஆப்பில் இரண்டு வரிசை: முதல் நான்கு மாதப் படிப்பு முடிந்ததுமே ஜனவரியில் வேலைக்குப் போவது, அல்லது எட்டு மாதம் படித்துவிட்டு மே மாதம் போவது. கல்யாண வீட்டில் வர்க்கியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே இரண்டாவது வேண்டும் என்று சொன்னான், பயமாக இருக்கிறதாம். அவனாகவே தன் பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. மாமாவுக்கு இன்னும் கோபம்.

கூடலூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார், மகளுக்கு டொரன்டோ மட்டும் கிடைத்திருக்கிறது, ஒரு வருடம் காத்திருந்து வாட்டர்லூவுக்கு மறுபடி முயலலாமா என்று. வேண்டாங்க. சேர்த்துவிடுங்கள், பிஇஒய் எடுக்கச் சொல்லுங்கள். விடுதிக்கு மட்டும் இன்றைக்கே விண்ணப்பியுங்கள்.