மறு: வைக்கோல் பொதிச் சுவரில் மின்கம்பி – கலைச்சொற்கள்

வணக்கம். வைக்கோலை அழுத்திக் கட்டிய பொதிகளை (ஆங்கிலத்தில் 'பேல்') செங்கல்போல அடுக்கி எழுப்பும் சுவரில் மின்கம்பி ஓட்டுவது பற்றிய நம் மொழிபெயர்ப்புக் கட்டுரைக்கு, கலைச்சொல் யோசனைகள் வந்திருந்தன. அவற்றுக்கு என் பதில் இது.

> 'காண்டுயிட்' என்பதற்கு 'மின்காப்புக் குழாய்' என்று போட்டுவிடலாமே? பாடப்புத்தகச் சாயலும் இருக்கிறது.

எனக்கு இதில் சம்மதமில்லை. காண்டுயிட் என்பது மின்கம்பியை உள்ளே விட்டு ஓட்டும் குழாய். மின்சாரம் தாண்டிப் போகாமல் தடுப்பதைத்தான் 'மின்காப்பு' என்கிறோம். பீங்கான், ரப்பர் உறை எல்லாம் அந்த வகை. எஃகுக் குழாயும் காண்டுயிட்தான், ஆனால் அது மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். உள்ளே ஓடும் கம்பியில் ஆணி ஏறாமல், எலி கடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அந்தக் காப்பு வேறு, இந்தக் காப்பு வேறு. பெயரை நம்பி எவராவது அசட்டையாகக் கை வைத்தால் வம்பு.

'மின்குழல்' என்றால் எனக்கு டியூப்லைட்தான் கண்ணில் படுகிறது. வயரிங் செய்பவர்கள் 'பைப் போட்டாச்சு, இனி கம்பி இழுக்கலாம்' என்கிறார்கள். அதை ஒட்டியே 'கம்பிக்குழாய்' என்று வைத்துக்கொள்ளலாம். கம்பியால் செய்த குழாய் என்று பொருள்படாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தண்ணீர்க் குழாயை யாரும் தண்ணீரால் செய்யவில்லையே!

> சுவருக்குள் மறைந்திருப்பதால் 'பொதிகுழாய்' என்று வினைத்தொகையாக்கலாம்.

அழகான சொல், செங்கல் சுவருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் இந்தக் கட்டுரையில் 'பொதி' என்ற சொல்லை 'பேல்' எடுத்துக்கொண்டுவிட்டது. 'பொதிச் சுவரில் பொதிகுழாய்' என்று எழுதினால் வைக்கோலுக்கு என்று தனிக் குழாய் விட்டதுபோல ஆகும். பேலுக்குக் 'கட்டு' போதுமே என்றால், 'கட்டுச் சுவர் கட்டும்போது' என்று இரண்டாம் வரியிலேயே திணறுவோம். பஞ்சுப் பொதி ஏற்கெனவே வழக்கில் இருப்பது, அதனால் வைக்கோல் பொதியே இருக்கட்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: இப்போது நம் டெல்டா வயல்களில் இயந்திரம் சுருட்டிப் போடும் உருளைகளை நினைத்துக்கொண்டு படிப்பார்கள். இந்தச் சுவர் பிறந்த இடம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மரமே அரிதான மணற்குன்றுப் பகுதியில், பொதி கட்டும் இயந்திரம் வந்த பிறகு தொடங்கியது. அங்கே ஆர்தர் என்ற ஊரில் 1928இல் பொதிகளால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. சுவருக்கு வேண்டியது செவ்வகப் பொதி: இரண்டு கயிறு போட்டது என்றால் சுமார் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 14 அங்குல உயரம். 'செவ்வக' என்பதை முதல் முறை வரும்போதாவது சேர்த்துவிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாம் குழாய்க்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் இந்தச் சுவர்களில் பல இடங்களில் குழாயே கிடையாது. என்.எம். எனப்படும் உறையிட்ட வடத்தை (கேபிளை) நேராக வைக்கோலுக்குள் வைத்துவிடுகிறார்கள். இரண்டு வரிசைப் பொதிகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் படுக்கையாக ஓட்டுவார்கள். செங்குத்தாகப் போகவேண்டிய இடத்தில் சங்கிலி ரம்பத்தால் ஒரு பள்ளம் கீறி, இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு அழுத்திச் செருகுவார்கள். ஆழம் ஏன் என்றால், அந்த நாட்டு மின்விதித் தொகுப்பு என்.எம். வடத்தைப் பூச்சுக்குள் புதைக்கக்கூடாது என்கிறது. அதாவது வடம் பூச்சில் இல்லை, பூச்சுக்குப் பின்னால் வைக்கோலில் இருக்கிறது. 'புதைவடம்' என்று மொழிபெயர்த்தால் விதிக்கு நேர் எதிரான படம் மனதில் விழும்.

ஆகவே குழாயைவிட அந்தப் பள்ளத்துக்குத்தான் அவசரமாகப் பெயர் வேண்டும். புதிதாக ஒன்றும் ஆக்கவேண்டியதில்லை, தச்சர்களிடம் 'காடி' இருக்கிறது. பலகையில் எடுத்தாலும் வைக்கோலில் கீறினாலும் காடி காடிதான். (புளித்த கஞ்சிக்கும் அதே பெயர் என்று யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். சங்கிலி ரம்பத்தால் கஞ்சி எடுப்பார் இல்லை.) 'காடியில் இட்ட வடம்', 'இடுக்கில் இட்ட வடம்', 'கம்பிக்குழாயில் இட்ட வடம்' என்று மூன்றையும் பிரித்துச் சொல்லிவிட்டால் கட்டுரை தெளிந்துவிடும். மூன்றையும் 'மின்பாதை' என்று ஒரே சொல்லில் அடக்குவது எனக்கு ஒப்பவில்லை. கடைசி வகை குறைவு என்றாலும் தேவைதான், பின்னால் கம்பி மாற்றவேண்டி வந்தால் குழாய் இருந்தால்தான் இழுக்க முடியும்.

சுவிட்ச் பெட்டி விஷயத்தில் இன்னொன்று. வைக்கோலில் திருகாணி பிடிக்காது. அதனால் சுமார் ஓர் அடி நீள மரக்குச்சியைக் கூராக்கிப் பொதிக்குள் அடித்து அதில் பெட்டியை மாட்டுகிறார்கள். வரைவில் இதை 'பங்கு ஊன்றுகோல்' என்று எழுதியிருப்பது கிழவர் கைத்தடிபோல் ஒலிக்கிறது, 'பங்கு' எங்கிருந்து வந்தது என்றும் புரியவில்லை. மாடு கட்ட அடிக்கிறோமே, அதே 'முளை' போதும். முளையடித்துப் பெட்டி பொருத்துதல்.

தீ பற்றிய பத்தியில் சொல்லைவிடப் பொருளைத் திருத்தவேண்டும். 'வைக்கோல் சுவர் எளிதில் தீப்பற்றும்' என்று மொட்டையாக இருக்கிறது. உதிரி வைக்கோலுக்கு அது உண்மை, வேலை நடக்கும்போது தரையில் சிந்திக் கிடப்பதைத்தான் பயந்து கூட்டவேண்டும். அழுத்திக் கட்டி இருபுறமும் பூசிய பொதிச் சுவர் தீயை நன்றாகவே தாங்கும். அமெரிக்காவில் செய்த சோதனைகளில் மண்பூச்சுச் சுவர் ஒரு மணி நேரத் தரமும், சிமெண்டுச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் இரண்டு மணி நேரத் தரமும் பெற்றன. சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பில் 2015 பதிப்பிலிருந்து இந்தக் கட்டுமானத்துக்குத் தனிப் பின்னிணைப்பே உண்டு.

மிச்சம் இருப்பது 'டோ-அப்'. முதல் வரிசைப் பொதி தரை ஈரத்தில் படாமல் இருக்க, கீழே இணையாக இரண்டு மரச்சட்டங்கள் போட்டு நடுவில் சரளை நிரப்புவார்கள், வடத்தையும் பல நேரம் அதன் வழியாகவே கொண்டுபோவார்கள். 'அடிச்சட்டம்' என்றால் கதவு நிலையின் அடிச்சட்டத்தோடு குழம்புமா? வேறு தோன்றினால் எழுதுங்கள்.