எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் எரிபொருளைத் தெளிக்கும்) எஞ்சினின் காற்று வழியில் வீட்டிலேயே கை வைத்தவர்கள், வாருங்கள்

திண்டுக்கல் ரைடர்:
கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாமல் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டர்) போடலாமா, ஏர்பாக்ஸில் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) ஓட்டை போடலாமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுங்கள். 2020 ஊரடங்கில் வீட்டோடு நின்ற என் 150 சிசி பைக், திரும்ப எடுத்தபோது பாதி ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுத்தது. ஐட்லிங் சுத்தம், செக் எஞ்சின் லைட் எரியவில்லை, ஃபில்டரும் புதுசு மாதிரி. சீட்டைக் கழற்றி, ஏர்பாக்ஸ் காற்று இழுக்கிற வாய்க்குள் விரலை விட்டால் காய்ந்த மண். குளவிக்கூடு! ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். உடைந்த அறைக்குள்ளே சிலந்திகளை அடுக்கி வைத்திருந்தது, குளவி கொட்டி மயக்கியவை. ஒன்றின் கால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

தட்டிப் போட்டதும் வண்டி பழையபடி இழுத்தது. லைட் எரியாததற்குக் காரணம், காற்றழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார் திராட்டிலுக்கும் (காற்றைத் திறந்து மூடும் தகடு) சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிறது. காற்று குறைந்தால் ஈசியூ (எஞ்சினின் கணினி) பெட்ரோலையும் குறைத்துவிடும். கலவை சரியாகவே இருக்கும், சக்தி மட்டும் போய்விடும். கார்புரேட்டராக இருந்தால் பிளக் கறுத்துக் காட்டிக்கொடுத்திருக்கும்.

பழைய கார்ப்:
தம்பி, கலவை சரியாகவே இருக்கும் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். திராட்டிலை நன்றாகத் திறந்த நிலையில், டிபிஎஸ் சென்சார் சொல்லும் திராட்டில் கோணத்தை வைத்துப் பெட்ரோல் ஊற்றும் ஈசியூக்களும் உண்டு. அங்கே வாய் அடைத்தால் ரிச்தான், அதாவது பெட்ரோல் மிஞ்சும். மற்றபடி குளவி விஷயம் சரி.

மதுரை ஸ்கூட்டர்:
எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. வாட்டர் சர்வீஸ் பையன் கேட்காமலேயே ஏர் ஃபில்டரைக் கழற்றி ஏர் கன்னால் ஊதிவிட்டான். அது எண்ணெய் தோய்ந்த பேப்பர் ஃபில்டர். "பளிச்சுனு ஆக்கிட்டேன்ணே" என்றான். அடுத்த சர்வீஸில் ஃபில்டருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன், செம்மண் நிறத்தில் வந்தது. அவ்வளவு தூசியும் சிலிண்டருக்குப் போகிற வழியில்.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். ஃபில்டர் மூன்று வகை. எண்ணெய் தோய்ந்த பேப்பர் என்றால் ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது, நாள் வந்தால் மாற்றிவிட வேண்டும். சாதா பேப்பர் என்றால் மெதுவாகத் தட்டலாம், ஊதினால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு, குறைந்த பிரஷரில். ஃபோம் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். பெட்ரோலில் அலசாதீர்கள், ஃபோமை ஒட்டிய பசை விட்டுப்போகும். மூடும்போது ரப்பர் விளிம்பு பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்று தடவுங்கள். அங்கே இடைவெளி இருந்தால் எந்த ஃபில்டர் போட்டும் வேஸ்ட்.

சென்னை டிராஃபிக்:
கோன் ஃபில்டர் ஆட்கள் இதைக் கேளுங்கள். நண்பனின் பெட்ரோல் காரில் ஏர்பாக்ஸைத் தூக்கிவிட்டு, பானெட்டுக்குள் கோன் ஃபில்டர் மாட்டியிருந்தான். ஓபிடி ஸ்கேனரை (காரின் சென்சார் எண்களைக் காட்டும் கருவி) செருகிக்கொண்டு கோயம்பேடு பக்கம் போனோம். ஓடும்போது உள்ளே போகும் காற்று 40 டிகிரிக்குள் இருந்தது. சிக்னலில் நின்றதும் எண் ஏற ஆரம்பித்து 65-ஐத் தொட்டது. 35 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 65 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. காசு கொடுத்து வாங்கிய "அதிகக் காற்று" அதுதான்! கம்பெனி பைப் பம்பருக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றை இழுப்பது சும்மா இல்லை.

சத்தப் பிரியன்:
நிற்கிற காரில் யாருக்கய்யா சக்தி வேண்டும்? ஹைவேயில் காற்று அடித்தால் அந்த எண் இறங்கிவிடும், அதையும் எழுதுங்கள். நான் போட்டது சத்தத்துக்காக, சத்தம் வந்தது, எனக்குப் போதும்.

சென்னை டிராஃபிக்:
சத்தம் என்று சொல்லி மாட்டினால் சண்டையே இல்லை. நண்பன் "பத்து எச்பி கூடிடுச்சு" என்றான்.

நாமக்கல் டீசல்:
பெட்ரோல் ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். என் டீசல் காரில் இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) கழற்றியபோது விரல் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. சுற்றிலும் தார் போலக் கறுப்பு. இஜிஆரிலிருந்து (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு) வரும் கரியும் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து அப்படி இறுகிவிடும். மேனிஃபோல்டைத் தனியே கழற்றி வைத்துத்தான் சுரண்டினேன். எஞ்சினில் இருக்கும்போதே ஸ்பிரே அடித்து ஊறவைத்தால் பெயர்ந்த கட்டி வால்வுக்குள் போய்விடும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

வீட்டுப் பட்டறை:
பெட்ரோல் காரிலும் சின்ன அளவில் அதே கதைதான். திராட்டிலின் பட்டர்ஃபிளை தகடு மூடும் இடத்தில் ஒரு கறுப்பு வளையம் படிந்திருக்கும். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளக் கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். திராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தேன், வளையம் முழுசாகத் துணிக்கு வந்தது. அப்புறம் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங் 1500-க்குப் போய் நின்றது. பயப்பட வேண்டாம். அழுக்குக்கு ஈடாகத் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்க ஈசியூ பழகியிருந்தது, இப்போது வழி விரிந்துவிட்டது. ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் (ஐட்லிங்கைப் புதிதாகப் பழகச் சொல்லும் கட்டளை) கொடுத்ததும் இறங்கியது. எமெரி பேப்பர் மட்டும் வேண்டாம், சில பாடிகளின் உட்சுவரில் கோட்டிங் இருக்கும், போனால் தகடு சரியாக மூடாது.

பழைய கார்ப்:
திராட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் சேரும் வேக்யூம் குழாயில் விரிசல் இருந்தாலும் ஐட்லிங் ஏறும், அதை முதலில் பார்க்கவில்லையே?

வீட்டுப் பட்டறை:
பார்த்தேன் அண்ணே. குழாயை வளைத்துப் பார்த்தேன், விரிசல் இல்லை.

சேலம் புதுசு:
சத்தப் பிரியன் அண்ணா, நீங்கள் கழற்றிய கம்பெனி ஏர்பாக்ஸ் வீட்டில் சும்மா கிடக்கிறதா? எந்த மாடல்? எனக்கு எலி கடித்துவிட்டது. மூடியும் கிளிப்பும் இருந்தால் விலை சொல்லுங்கள்.