டீவியேஷனுக்குத் தமிழில் என்ன? (நாளை காலை 9 மணிக்குள் வேண்டும்)

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

சிறு படகில் திசைகாட்டியைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது பற்றிய கையேடு ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன். எந்திரம் மொழிபெயர்த்த வரைவுதான் கைக்கு வந்தது. முதல் வரியே ‘கவராயத்தைப் படகின் நடுவில் பொருத்தவும்’. வட்டம் போடவா? சரி, அதை மாற்றிவிட்டேன்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். வேரியேஷன் என்பது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலுள்ள கோணம். இடத்துக்கு இடம் மாறும். கடல் வரைபடத்திலேயே அச்சிட்டிருக்கும். டீவியேஷன் என்பது படகிலுள்ள இரும்பு, எஞ்சின், ஒலிபெருக்கி, மின்கம்பி எல்லாம் ஊசியை இழுப்பதால் வருவது. வரைவில் இரண்டுக்கும் ‘விலகல்’தான். ‘விலகலைச் சரிசெய்தபின் விலகலைக் கூட்டவும்’ என்றுகூட ஒரு வாக்கியம் இருக்கிறது. படிப்பவர் கரை சேர வேண்டாமா?

லப்பர் லைனுக்கும் ஒரு சொல் வேண்டும். திசைகாட்டிக் கிண்ணத்தின் உள்விளிம்பில், படகின் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் கோடு அது.

மடல் 2

தம்பிக்கு,

வெளியே தேடவே வேண்டாம், வள்ளுவரிடம் இருக்கிறது. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை’ என்கிறார். கோடுதல் என்றால் ஒரு பக்கம் சாய்தல். அடுத்த குறளிலேயே ‘சொற்கோட்டம் இல்லது செப்பம்’ என்று தொடங்கி ‘உட்கோட்டம் இன்மை பெறின்’ என்று முடிக்கிறார். படகுக்குள் இருக்கும் இரும்பால் வருவது உட்கோட்டம், புவியால் வருவது புறக்கோட்டம். இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருந்த சொல்லப்பா இது!

லப்பர் லைன்: கோடாக் கோடு.

கவராயத்தையும் அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள். கவர் என்றால் பிளவு; கவடு, கவட்டை, கவண் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் எண்ணம். இது பற்றி 2 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், தனி மடலில் இடுகிறேன்.

மடல் 3

ஐயா, கோடாக் கோடு கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உட்கோட்டம் என்றதும் எனக்குக் காவல்துறைதான் நினைவுக்கு வருகிறது. ‘உட்கோட்டத்தைக் குறைக்க காந்தத் திருகாணியைத் திருப்பவும்’ என்று எழுதினால் டி.எஸ்.பி. வந்து நிற்பார்.

பள்ளிப் புத்தகத்தில் ‘காந்த ஒதுக்கம்’ இருக்கிறதே? வேரியேஷனும் அதுவும் ஒன்றுதான். பிள்ளைகள் படித்த சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும்? டீவியேஷனை டீவியேஷன் என்றே எழுதுங்கள், குடி முழுகிவிடாது.

மடல் 4

> குடி முழுகிவிடாது

குடி முழுகாது, மொழி முழுகும். இன்று டீவியேஷன், நாளை நார்த், நாளை மறுநாள் வடக்கு என்றால் என்னவென்று பேரப்பிள்ளை கேட்பான். தவிர, காந்தம் மட்டும் தமிழா? அதுவும் வடமொழிதான். ‘இரும்பீர்ப்பி’ என்று தொடங்கினால்தான் உருப்படும்.

மடல் 5

நான் கப்பலில் காலம் கழித்தவன், இலக்கணம் தெரியாது. வேலை தெரியும்.

பயிற்சிக்கு வந்த ஒருவர் தம் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியில் சின்னக் காந்தம். படகு கட்டிய இடத்திலேயே கிடக்கிறது, திசைகாட்டிக்குள் இருக்கும் பாகை எழுதிய வட்ட அட்டை மட்டும் மெதுவாக நகர்ந்து வேறு எண்ணில் போய் நின்றது. கூட்டை எடுத்ததும் பழைய எண்ணுக்கு வந்தது. டீவியேஷன் என்றால் அவ்வளவுதான். அதனால்தான் பித்தளைத் திருகாணி போடச் சொல்கிறோம். அங்கே விளக்கு வைத்தால் அதன் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும், இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திருப்புளியும் காந்தம் ஒட்டாததாக இருக்க வேண்டும். இதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

டீவியேஷன் ஒரே எண்ணாக இருந்தால் தொல்லை இல்லை. படகின் முகம் திரும்பத் திரும்ப அதுவும் மாறும். அதனால் 45 பாகைக்கு ஒன்றாக 8 திசையிலும் படகை நிறுத்திப் பார்த்து அட்டவணை எழுதுகிறோம். மேத்யூ ஃப்ளிண்டர்ஸ் 1801இல் ஆஸ்திரேலியக் கரையை அளக்கப் புறப்பட்ட பயணத்தில் கப்பல் இரும்பின் இந்தக் குறும்பைக் கவனித்து எழுதினார். திசைகாட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தும் இரும்புத் தண்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஒரு கணக்கு. திசைகாட்டி 90 காட்டுகிறது. டீவியேஷன் 4 மேற்கு, கழித்தால் 86. வேரியேஷன் 3 கிழக்கு, கூட்டினால் உண்மை முகம் 89. அந்த 4 உங்கள் பென்சில் அட்டவணையிலிருந்து வருவது, 3 வரைபடத்திலிருந்து. எந்த எண்ணை எங்கே தேடுவது என்று சொல்லே சொல்ல வேண்டும். படகுப் பிழை, புவிப் பிழை என்று வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. கோடாக் கோடு தப்பு. திசைகாட்டியில் அசையாமல் நிற்பது அட்டை. படகோடு சேர்ந்து திரும்புவது அந்தக் கோடு. கோடுவதே அதுதான்!

மடல் 6

கேப்டன் ஐயா சொல்வது சரி, கோடாக் கோட்டைத் திரும்பப் பெறுகிறேன். (மனமில்லாமல்.) அணியம் என்றால் படகின் முன்பகுதி, நல்ல பழைய சொல். ‘அணியக் கோடு’ என்று வையுங்கள்.

ஆனால் புவிப் பிழையா? புவி என்ன பிழை செய்தது? காந்த வடக்கு அதன் இடத்தில் இருக்கிறது. பிழை என்பது செய்தவனுக்கு வருவது. உட்கோட்டத்தில் உறுதியாக நிற்கிறேன்.

மடல் 7

இரவு 11:40. இதுவரை வந்ததைப் பார்த்தால் வேரியேஷனுக்குக் ‘காந்த ஒதுக்கம்’ என்று நான்கு பேர். டீவியேஷனுக்குப் ‘படகு விலக்கம்’ என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். புள்ளியியலில் திட்ட விலக்கம் பழகிய சொல்தானே என்று மூன்று பேர் சரி என்றார்கள். அதில் ஒருவர் சரி என்றது தூக்கம் வருவதால். அணியக் கோட்டுக்கு எதிர்ப்பு இல்லை. இப்படியே அனுப்பிவிடவா?

மடல் 8

ஒரு நிமிடம். விலக்கமா, விளக்கமா? காற்றடிக்கும்போது பின்னாலிருப்பவரைப் பார்த்துப் ‘படகு விலக்கம் எவ்வளவு?’ என்று கத்திப் பாருங்கள். பாதிப் பேர் வாயில் ல, ள இரண்டும் ஒன்றுதான். அவர் படகைப் பற்றி விளக்கத் தொடங்கிவிடுவார். கோட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. என் மாணவர்களுக்கு நான் உட்கோட்டம் என்றுதான் சொல்லித்தரப்போகிறேன்.

மடல் 9

காலை 8:50க்கு அனுப்பிவிட்டேன் ஐயா. அட்டவணையின் தலைப்புக் கட்டத்தில் ‘படகு விலக்கம்’ கொள்ளவில்லை, ‘ப.வி.’ என்று போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

மடல் 10

இப்போதுதான் கோப்பைத் திறந்தேன். 11ஆம் பக்கம், படத்துக்குக் கீழே: ‘கவராயத்தைக் கண்மட்டத்தில் பொருத்தவும்.’