சுகாசினி முதலில் கேமரா பக்கம்தான் வந்தாராமே?

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டு ஒளிப்பதிவு படிக்கணும் என்கிறாள். வீட்டில் ‘பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு கேமரா’ என்று ஒரே சத்தம். சுகாசினியும் அந்தப் படிப்புதானாமே, அப்புறம் எப்படி நடிக்கப் போனார்?

தென்காசி சாரல்:
ஆமாம் தம்பி. பரமக்குடியில் பிறந்தவர், சாருஹாசன் மகள். சென்னையில் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1980-ல் இயக்குநர் மகேந்திரன் அவரை ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தில் நாயகியாக்கினார், அதற்கும் ஒளிப்பதிவு அசோக்குமாரே, அதற்காக அசோக்குமாருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. சுகாசினி காலையில் ஓட்டப்பயிற்சி போகிற காட்சியைப் பாருங்கள், நம்ம தெருப்பிள்ளை மாதிரியே இருப்பார்.

அம்பை வாசகி:
சுகாசினிக்குத் தேசிய விருது 1985-ல் வந்த ‘சிந்து பைரவி’க்கு. கச்சேரி நடுவில் எழுந்து, பெரிய வித்வானிடம் தமிழில் பாடச் சொல்லிக் கேட்பாரே, அந்த முகத்தில் பயமும் இருக்காது, திமிரும் இருக்காது. எனக்கு அந்த ஒரு காட்சி போதும். பிறகு ‘இந்திரா’ படத்தை இயக்கவும் செய்தார். தரமணி அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவுக்குத் தனிப் படிப்பே இருக்கிறது தம்பி, தங்கச்சியை விண்ணப்பம் போடச் சொல்லுங்க.