பழைய அமெரிக்கக் கார் படங்கள்: உங்கள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தன?

டிராய், மிச்சிகன்

இணையத்தில் பழைய கார் படங்களைப் போடும் நம் குழுவில் இந்தக் கேள்விக்கு நானே முதலில் பதில் சொல்லி ஆரம்பித்து வைக்கிறேன். என் கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டெட்ராய்ட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கு எஸ்டேட் சேல் புதிதல்ல. வீட்டுப் பெரியவர் காலமானாலோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ, பிள்ளைகள் வீட்டைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் அத்தனையையும் விற்பார்கள். கரண்டியிலிருந்து கட்டில் வரைக்கும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். கடைசி நாள் பாதி விலை. நம் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்து விலை கேட்க முடியுமா? முதல் இரண்டு வருடம் எனக்குக் கூச்சமாகவே இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அப்படிப் போன ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில், வாஷிங் மெஷின் மேலே ஒரு தகரப் பெட்டி. உள்ளே 300 ஸ்லைடு இருக்கும், அட்டைச் சட்டத்தில் பொருத்திய ஃபிலிம் படங்கள். விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "மொத்தமாக எடுத்தால் 60 டாலர், பொறுக்கி எடுத்தால் ஒன்று 50 சென்ட்" என்றார். நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில், ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கார் இருந்தவற்றை மட்டும் பொறுக்கினேன். 34 ஸ்லைடு, 17 டாலர். பிறந்தநாள் கேக், கிறிஸ்துமஸ் மரம், ஏரிக்கரை, யாரோ ஒரு பாட்டி எல்லாம் பெட்டியிலேயே கிடந்தன.

எல்லாமே கோடாக்ரோம். 1936-இல் 35 மி.மீ. ஸ்லைடாக வந்த ஃபிலிம். இருட்டில் வைத்திருந்தால் போதும், அதன் நிறம் அவ்வளவு சீக்கிரம் மங்காது. அறுபது வருடத்துக்கு முந்தைய சிவப்பு நேற்று அடித்த பெயின்ட் மாதிரி நிற்கும். அந்தக் காலத்து மற்ற கலர் ஃபிலிம்கள் வெளிறிப்போய்க் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பதினைந்து படம் ஸ்கேன் செய்த பிறகுதான் உறைத்தது. எல்லாம் ஒரே வீட்டு வாசல், ஒரே மேப்பிள் மரம். வண்டி மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. முதலில் ஹட்சன், பிறகு செவர்லே, பிறகு நான்கு விளக்கு வைத்த பியூக், கடைசியில் 1965 மஸ்டாங். ஹட்சனின் பானெட் மேல் ஒரு கைக்குழந்தையை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பியூக் பக்கத்தில் அதே முகம், கையில் பேஸ்பால் மட்டை. மஸ்டாங்கில் சாய்ந்து நின்று சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறான். ஒரு பையன் வளர்ந்த கதையில் வண்டி வரும் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் திரும்பப் போனேன். வீடு பூட்டியிருந்தது. வாசலில் குப்பைத் தொட்டி லாரி வந்து போன தடம் இருந்தது.

ஒரு சந்தேகம் பாக்கி. பெட்ரோல் பங்க்கில் எடுத்த படம் ஒன்று. வெள்ளையும் நீலப்பச்சையுமாக ஒரு செவர்லே பெல் ஏர். பங்க் ஊழியர் குறுக்கே நிற்பதால் பின்பக்கத்தின் இடது மூலை கொஞ்சம்தான் தெரிகிறது. குழாய் எங்கே போகிறதென்றே புரியவில்லை, பின்விளக்குக்குள் சொருகிய மாதிரி இருக்கிறது. 1957 மாடல் என்று குறித்து வைத்தேன். ஆனால் அட்டைச் சட்டத்தில் ஃபிலிம் கழுவும் லேபின் முத்திரை ஆகஸ்ட் 1956. முத்திரை தப்பா, நான் தப்பா?

*

ஆலன்டவுன், பென்சில்வேனியா

தம்பி, முத்திரை சரி. நீங்கள்தான் தப்பு.

அந்த முத்திரை ஃபிலிமைக் கழுவிய மாதத்தைக் காட்டுவது, படம் எடுத்த மாதத்தை அல்ல. கிறிஸ்துமஸுக்கு நாலு படம் எடுத்துவிட்டு கேமராவை அலமாரியில் வைத்து, மிச்சத்தைக் கோடை விடுமுறையில் எடுத்து முடிப்பார்கள். அதனால்தான் ஜூன் முத்திரை குத்திய ஸ்லைடில் முழங்கால் அளவு பனி இருக்கும். ஆனால் கழுவிய பிறகு படம் எடுக்க முடியாது இல்லையா? 57 செவர்லே கடைக்கு வந்ததே 56 இலையுதிர் காலத்தில். இங்கே அடுத்த வருட மாடலை முந்தின வருடமே விற்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஹெர்ஷியில். சாக்லேட்டுக்குப் பேர் போன அதே ஊர். 1955-இலிருந்து இலையுதிர் காலத்தில் அங்கே பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள். ஒரு பக்கம் கார்கள், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டியவரை உதிரிபாகம் விற்கும் கடைகள். துருப்பிடித்த கார்புரேட்டருக்கு நடுவில் போட்டோப் பெட்டிகளும் இருக்கும். முன்பெல்லாம் மழை பெய்தால் கால் சேற்றில் புதையும், ஆனால் பேரம் நிற்காது.

முதல் தடவை போனபோது ஒரு பெரியவரிடம், "57 செவர்லே படம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் மூன்று படத்தை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் வண்டியின் பின்பக்கம்தான். "ஒவ்வொன்றிலும் பெட்ரோல் எங்கே ஊற்றுவார்கள் என்று காட்டு, பாதி விலைக்குத் தருகிறேன்" என்றார். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அவரே காட்டினார். 55-இல் இடது பக்கத் தகட்டில் சின்னக் கதவு. 56-இல் இடது பின்விளக்கே கதவு மாதிரி திறக்கும், அதற்குப் பின்னால்தான் மூடி. 57-இல், பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும் இடது வால்சிறகின் பின் ஓரத்தில் இருக்கும் குரோம் பட்டை திறக்கும். காடிலாக் 1941-லேயே பின்விளக்குக்கு அடியில் ஒளித்து வைத்த வித்தைதான் இது. பெரியவர் சின்ன வயதில் பங்க்கில் வேலை பார்த்தவராம். முதல் நாள் ஒரு செவர்லேயைச் சுற்றிச் சுற்றி வந்து மூடியைத் தேடியிருக்கிறார், உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா சொல்லிக் கொடுக்கிற வரை.

படத்தை முழு விலை கொடுத்துத்தான் வாங்கினேன்.

ஆக, விளக்குக்குள் குழாய் சொருகியிருந்தால் உங்கள் வண்டி 56. பியூக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு முகப்பு விளக்கு 57-இல் ஒரு சில வண்டிகளில் எட்டிப் பார்த்தது, 58-இல்தான் ஏறக்குறைய எல்லா அமெரிக்க வண்டிக்கும் வந்தது. உங்கள் பியூக் 58-க்கு முன்னால் இருக்க வழியில்லை.

*

பசடேனா, கலிபோர்னியா

அண்ணா, அந்தப் பெட்டிக் கதையைப் படித்ததும் வயிறு எரிந்தது. திட்டுவதாக நினைக்காதீர்கள், ஆனால் 60 டாலர்தானே?

இங்கே ரோஸ் பௌல் மைதானத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பழைய பொருள் சந்தை. அதில் ஒருவர் குடும்ப ஆல்பங்களைப் பிரித்துப் போட்டு விற்பார். கார் இருந்தால் 5 டாலர், ஆள் மட்டும் என்றால் 1 டாலர். கறுப்புத் தாள் ஆல்பம் தெரியுமில்லையா, படத்தை ஒட்டிவிட்டுக் கீழே வெள்ளைப் பென்சிலால் எழுதுவார்கள். அவர் படத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுத் தாளைக் குப்பையில் போடுவார். எழுத்தும் அதோடு போச்சு.

ஒரு தாளில் 1950 ஸ்டூட்பேக்கர் இருந்தது. மூக்கு நடுவில் குண்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்குமே, அந்த வண்டி. அவர் நகத்தை வைத்ததும் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்து, முழுத் தாளையும் 20 டாலருக்கு வாங்கினேன். வண்டிக்குக் கீழே "அப்பாவின் விமானம்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொரு படம். அதில் வண்டியே இல்லை, ஒரு பெண்மணி வாசற்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதன் கீழே "விலை தெரிந்தபோது அம்மா". அந்த 1 டாலர் படம் இல்லாவிட்டால் இந்த 5 டாலர் படத்துக்கு என்ன மதிப்பு, சொல்லுங்கள்.

கறுப்புத் தாளிலிருந்து படத்தை எடுத்தே ஆகவேண்டும் என்றால், மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் மெதுவாக ரம்பம் மாதிரி இழுங்கள். தண்ணீர், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். நான் எடுப்பதே இல்லை. தாளோடு ஸ்கேன் செய்துவிடுகிறேன்.

கலிபோர்னியாப் படம் யாருக்காவது கிடைத்தால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் 1956 வரிசை. கறுப்பில் மஞ்சள் எழுத்து 1963-இல் வந்தது. வண்டி பழசாக இருக்கும், பிளேட் புதுசாக இருக்கும். படத்தின் வயதைப் பிளேட்டிடம்தான் கேட்க வேண்டும்.

*

எடிசன், நியூ ஜெர்சி

சின்ன எச்சரிக்கை. ஐம்பது, அறுபது கோடாக்ரோம் ஸ்லைடுகளை ஒரு ஸ்கேனிங் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்த படங்களில் ரேடியேட்டர் முன்னால் இருக்கும் குரோம் கம்பிகள் அங்கங்கே அரித்துப்போன மாதிரி இருந்தன, ஒரு சக்கரத்தில் ஆரங்களையே காணோம். ஸ்லைடை வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

காரணம் தூசி நீக்கும் வசதி. அது அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது. சாதாரணக் கலர் ஃபிலிமுக்குள் அந்தக் கதிர் தடையில்லாமல் போய்விடும், தூசி மட்டும் மறிக்கும். கோடாக்ரோமில் படமே கொஞ்சம் மறிக்கிறது, மெஷின் அதையும் தூசி என்று துடைத்துவிடுகிறது. யாரிடம் கொடுத்தாலும் அதை அணைக்கச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். நான் இப்போது ஊது பல்பும் மெல்லிய பிரஷும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்கிறேன். ஒரு மாலைக்கு எட்டுப் படம்தான் ஆகிறது.

*

சென்னை

வணக்கம் அண்ணா, அக்கா. நான் இந்த வண்டி எதையும் தொட்டது கிடையாது. என் சேகரிப்பு முழுக்க இலவசம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் 1939 முதல் 1944 வரை அரசு போட்டோகிராஃபர்கள் எடுத்த சுமார் 1,600 கலர் படங்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு வேடிக்கை, 1942-க்குப் பிந்தைய கார் ஒன்றுகூட இருக்காது. போருக்காக அந்த வருடம் பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அதே நூலகத்தில் ஜான் மார்கோலீஸ் எடுத்த 11,000-க்கும் மேற்பட்ட சாலையோரப் படங்கள் உண்டு. மோட்டல், பங்க், டைனர் என்கிற சாலையோர உணவகம் எல்லாம் அற்புதமாக இருக்கும், ஆனால் வண்டி பெரும்பாலும் இருக்காது. அவருக்குக் கட்டடம்தான் முக்கியம். எனக்குத்தான் ஏமாற்றம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருக்கும் சார்லஸ் குஷ்மன் சேகரிப்பு. 1938-இலிருந்து 1969 வரை அவர் எடுத்த 14,500 கோடாக்ரோம். எங்கே, என்றைக்கு எடுத்தார் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பெட்டியும் முழுசாக இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. டிராய் அண்ணாவை வெறுப்பேற்றச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு செவர்லே படம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் பாகங்களைப் பொருத்தி வண்டி செய்ய ஆரம்பித்ததால் நம் ஊரிலும் செவர்லேக்கள் ஓடின. தாத்தா ஒரு மில் முதலாளிக்கு டிரைவர். படத்தில் அவர் வண்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நீங்கள் போடும் படங்களில் எல்லோரும் வண்டிமேல் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போது அதுதான் ஞாபகம் வரும்.

ஒரு கேள்வி. காசு கொடுத்து வாங்கிய ஸ்லைடை டி-ஷர்ட்டில் போட்டு விற்கலாமா?

*

டிராய், மிச்சிகன்

தம்பி, ஸ்லைடை வாங்கினால் அட்டையும் ஃபிலிமும்தான் நமக்குச் சொந்தம், பதிப்புரிமை அதோடு சேர்ந்து வராது. எங்கும் வெளிவராத குடும்பப் படத்துக்கு அமெரிக்கச் சட்டப்படி எடுத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. எடுத்தவர் யாரென்றே தெரியாவிட்டால் படம் எடுத்ததிலிருந்து 120 வருடம். நான் இணையத்தில் சின்ன அளவில்தான் படங்களைப் போடுகிறேன், குடும்பத்தார் யாராவது வந்து எடுக்கச் சொன்னால் அந்த நிமிடமே எடுத்துவிடுவேன். சொல்லப்போனால் யாராவது வரமாட்டார்களா என்றுதான் போடுவதே. டி-ஷர்ட் வேண்டாம்.

ஆலன்டவுன் ஐயாவுக்கு நன்றி. நேற்று ராத்திரி அந்த பங்க் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கு திறந்துதான் இருக்கிறது. 56 என்று திருத்திவிட்டேன். பின் கண்ணாடிக்குள் ஒரு சின்னக் கை, விரல்களை விரித்துக் கண்ணாடியில் அழுத்தியிருக்கிறது. இத்தனை நாள் அதைப் பிரதிபலிப்பு என்று நினைத்திருந்தேன். ஹட்சன் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு 56-இல் ஆறு, ஏழு வயது இருக்கும்.

பசடேனா தங்கச்சிக்கும் ஒரு தகவல். போன சனிக்கிழமை வேறொரு வீட்டில் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், 45 டாலர். 180 ஸ்லைடு. அத்தனையும் ரோஜாச் செடி. என் மனைவி இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். 112-ஆவது படத்தில் மட்டும் செடிக்குப் பின்னால் ஒரு பம்பரும் அரை விளக்கும் தெரிகின்றன. நாளைக்குப் போடுகிறேன், என்ன வண்டி என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.