ஜோசப்பும் பிலிப்பும் கொடுத்துக்கொண்ட முத்தம்: காதலா, அன்பா?

பழம்புத்தகம்:
நேற்று வேறோர் இழையில் மணல்மேடு ஒரு வரியை எழுதிவிட்டுப் போனார்: “ஆங்கிலப் புனைவில் ஆணை ஆண் காதலிப்பது ஆஸ்கார் வைல்டின் ‘டோரியன் கிரே’யில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் எதுவும் இல்லை.” ஆகா, அருமை என்று பலரும் பாராட்டியிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

‘டோரியன் கிரே’ லிப்பின்காட் இதழில் வந்தது 1890 ஜூலையில். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1870இல், பேயார்ட் டெய்லர் என்ற அமெரிக்கர் ‘ஜோசப்பும் அவன் நண்பனும்’ என்ற நாவலை வெளியிட்டுவிட்டார். பென்சில்வேனியாவின் கிராமப்புறத்தில் நடக்கும் கதை. ரயில் விபத்தில் காயப்பட்ட ஜோசப்பைப் பிலிப் தாங்கிக்கொள்கிறான். உறவு அங்கே தொடங்குகிறது. பிறகு ஒரு மாலையில் இருவரும் கைகோத்து நின்று முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஒளிவுமறைவு கிடையாது, அச்சிலேயே இருக்கிறது. இதைப் படிக்காமல் “எதுவும் இல்லை” என்று எழுத எப்படித் துணிவு வந்தது?

மணல்மேடு:
படித்திருக்கிறேன் ஐயா. நீங்கள் ஒருவர்தான் புத்தகம் திறப்பவர் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். அந்தக் காலத்தில் ஆண்கள் முத்தமிட்டுக்கொள்வதும் ஒரே கட்டிலில் படுப்பதும் சாதாரணம். ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபிரகாம் லிங்கன் தன் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுடன் ஆண்டுக்கணக்கில் ஒரே படுக்கையில் உறங்கினார். 1851இல் வந்த ‘மோபி டிக்’கில் இஷ்மேல், குவீக்வெக் என்ற இரு மாலுமிகள் “மணமுடித்தவர்கள்” ஆகிறார்கள், குவீக்வெக்கின் நாட்டு வழக்கில் அதற்கு உயிர்நண்பர்கள் என்று பொருள் என மெல்வில் அடுத்த சொல்லிலேயே விளக்கிவிடுகிறார். திருமணம் என்ற சொல்லே நட்பைக் குறித்த காலத்தில், ஒரு முத்தத்தைத் தூக்கிப் பிடித்து என்ன நிறுவப் போகிறீர்கள்?

பழம்புத்தகம்:
கட்டில் வேறு, முத்தம் வேறு. குளிருக்கும் வாடகைக்கும் கட்டிலைப் பகிரலாம். முத்தத்தை எதற்காகப் பகிர்வார்கள்? அந்த வாக்கியத்தைத் தருகிறேன். பெண்ணின் காதலைப் போலவே மென்மையும் உண்மையும் கொண்ட, ஆனால் அதைவிட அரிதான, ஆண்மை நிறைந்த காதலின் உந்துதலுக்கு இருவரும் இடம் கொடுத்தார்கள். நெருங்கி வந்து முத்தமிட்டார்கள். பெண்ணின் காதலோடு ஒப்பிட்டவர் டெய்லர், நான் அல்ல.

மணல்மேடு:
உங்கள் மொழிபெயர்ப்பிலேயே கோளாறு இருக்கிறது. ஆங்கிலத்தில் தாய்க்கும் நண்பனுக்கும் காதலிக்கும் ‘லவ்’ என்ற ஒரே சொல்தான். தமிழில் நமக்கு அன்பு இருக்கிறது, காதல் இருக்கிறது, நேயம் இருக்கிறது. அவற்றில் காதலைப் பொறுக்கி எடுத்து வாக்கியத்துக்குள் வைத்தது உங்கள் கை. “ஆண்மை நிறைந்த அன்பு” என்று எழுதிப் பாருங்கள், உங்கள் வாதம் முழுவதும் விழுந்துவிடும்.

ஈரக்காற்று:
இருவரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 1871-72இல் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’வில் ஒரு பெண் லாரா என்ற இன்னொரு பெண்ணின் கையைப் பற்றி “நீ என்னுடையவள்” என்கிறாள். மாறுவேடத்தில் வந்த காதலனோ என்று லாரா ஐயப்படும் அளவுக்கு அந்த நெருக்கம் போகிறது. அது கணக்கில் வராதா?

பழம்புத்தகம்:
அம்மா, அது இரத்தக்காட்டேரிக் கதை. இங்கே பேச்சு முத்தத்தைப் பற்றியது.

மணல்மேடு, பெண்ணுக்கும் காதல், ஆணுக்கும் காதல் என்று ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் வருகிறது. முதலாவதைக் காதல் என்றும் இரண்டாவதை அன்பு என்றும் எந்த இலக்கணத்தில் பிரிப்பீர்கள்? ஆணுக்கு ஆணிடம் உள்ள காதலின் உண்மையையும் மென்மையையும், ஆணுக்குப் பெண்ணிடம் உள்ளதைப் போலவே, நம்புகிறவர்களுக்கு இந்த நூலைப் பற்றி விளக்கம் தேவையில்லை என்று டெய்லர் முன்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். சமூகத்தின் வழக்கமான அச்சில் வார்க்கப்படாதவர்களுக்கும் உரிமைகள் உண்டு என்று பிலிப் கொதிக்கிறான். மனிதரின் கோணலான சட்டங்கள் எட்டாத ஒரு பள்ளத்தாக்கைப் பற்றிக் கனவு காண்கிறான். வெறும் நட்புக்கு எந்தச் சட்டம் குறுக்கே நின்றது? நட்புக்காக யாராவது ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்ததா? அமெரிக்க இலக்கியத்தை இருபது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது என் குரல் தழுதழுக்காத ஆண்டு ஒன்றுகூட இல்லை.

கடலோடி:
1870 என்ன, 1748க்குப் போங்கள். ஸ்மாலெட்டின் ‘ரோடரிக் ராண்டம்’ நாவலில் கேப்டன் விஃபிள் வருகிறான், ஸ்ட்ரட்வெல் பிரபு வருகிறான். ஓரினச்சேர்க்கை ஆங்கில நாவல் பிறந்தபோதே அதற்குள் இருந்தது.

ஈரக்காற்று:
அந்தச் சொல் வேண்டாம், தன்பாலீர்ப்பு என்று எழுதுங்கள். மதிப்பான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது.

கடலோடி:
நாற்பது ஆண்டுகளாக நாளிதழில் படித்த சொல்லைத்தான் எழுதினேன். எனக்குத் தமிழ் கற்பிக்க வேண்டாம்.

ஈரக்காற்று:
நாற்பது ஆண்டுகளாகத் தவறாக எழுதப்பட்ட சொல் அது. ஒருவரின் மனத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் உடலை மட்டும் சொல்கிறது.

பழம்புத்தகம்:
கடலோடி, விஃபிளை ஸ்மாலெட் படைத்தது அருவருப்பைக் காட்டுவதற்கு. இங்கிலாந்தில் இதற்குத் தூக்குத் தண்டனை இருந்த காலம் அது. 1861இல்தான் மரண தண்டனையை நீக்கினார்கள். வெறுத்து எழுதியதையும் நேசித்து எழுதியதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். டெய்லர் அந்த முத்தத்தைக் கண்ணியத்தோடு எழுதினார். எனக்கு முக்கியம் அதுதான்.

மணல்மேடு:
மறுபடியும் முத்தம்! கதை எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறீர்களே? ஜோசப்பின் மனம் பிலிப்பின் தங்கை மேடலினிடம் போகிறது. பிலிப் ஒதுங்கி நிற்கிறான். காதல் நாவல் இப்படியா முடியும்? வைல்டைப் பாருங்கள். நண்பனுக்கு ஒருவன் வழக்கமாகத் தருவதைவிட மிகுதியான உணர்வோடு உன்னை வழிபட்டேன் என்று ஓவியன் பேசில் டோரியனிடம் சொல்கிறான். 1891 புத்தகப் பதிப்பில் அதை வைல்டே நீக்கினார். 1895இல் வைல்ட் தொடுத்த அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் இதழ்ப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிகளைப் பற்றித்தான் துருவினார். டெய்லரின் முத்தத்துக்காக அவரை யாராவது கூண்டில் ஏற்றினார்களா? 1878இல் அவர் இறந்தது அமெரிக்கத் தூதராக, பெர்லினில். அவர் காலத்து வாசகர்கள் அதை அன்பாகத்தான் படித்தார்கள்.

பழம்புத்தகம்:
வழக்குப் போட்டால்தான் காதலா? கார்சன் சான்றிதழ் தந்த பிறகுதான் நாங்கள் நம்ப வேண்டுமா? தங்கையை மணப்பது அந்தக் காலத்து நாவலாசிரியன் கட்ட வேண்டியிருந்த வரி. ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர் 1913-14இல் ‘மாரிஸ்’ எழுதினார். காதலிக்கும் ஆண்கள் இருவரும் சேர்ந்து மகிழ்ச்சியாக வாழ்வதாக முடித்ததால், அவர் இறந்த பின் 1971இல்தான் அது அச்சேற முடிந்தது. சென்ற மாதம் நீங்கள் அதை 1971இல் எழுதிய நாவல் என்று சொன்னதும், நான் திருத்தியதும், நீங்கள் அந்தப் பதிவை அழித்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

மணல்மேடு:
அழிக்கவில்லை, திருத்தினேன். பழைய கணக்கை இழுப்பவரிடம் புதிய வாதம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். அது அன்பு. அன்பு மட்டுமே.

ஈரக்காற்று:
‘கார்மில்லா’வைப் பற்றிக் கேட்டேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழம்புத்தகம்:
இன்றிரவு அந்த அத்தியாயத்தை முழுவதும் மொழிபெயர்த்து இங்கே இடுகிறேன். காதல் என்ற சொல்லை மாற்றப் போவதில்லை.