கோதுமை அறுத்த வயலில் சோயா: பருவம் குறைவாக இருந்தால் போடலாமா?

நிலவன்: கோதுமை அறுத்த கையோடு சோயா விதைக்கலாம் என்றிருக்கிறேன். முதல் உறைபனிக்கு முன் நாள் குறைவுதான். இருப்பதிலேயே குறைந்த வயது ரகமாக எடுத்துவிடலாமா?

மேழி: இரண்டாம் போகமே வேண்டாம் தம்பி. கோதுமை நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டுத்தான் போகும். சோயா விதை முளைக்கத் தன் எடையில் பாதி அளவு தண்ணீர் குடிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும். மணி முதிருமுன் பனி விழுந்தால் பச்சையாகவே நின்றுவிடும், விலை போகாது.

கயல்: ஈரம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி அண்ணே. ஆனால் இருக்கிற நாட்களை நாமே வீணாக்குகிறோம். கோதுமை வயலிலேயே முழுக்கக் காயட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? 18-20 சதவீத ஈரத்தில் அறுத்து, உலர்த்தியில் 13-க்குக் கொண்டுவந்தால் சில நாள் முந்தலாம்.

நிலவன், குறுவயது ரகம் வேண்டவே வேண்டாம். பகல் சுருங்கினால் பூக்கிற பயிர் சோயா. தாமதமாக விதைத்தால் தானாகவே சீக்கிரம் பூத்துவிடும். ரகமும் குறுவயது என்றால் செடி கணு விடவே நேரமிருக்காது. அடிக்காய் மண்ணை ஒட்டி நிற்கும், அறுவடைக் கத்திக்கு எட்டாது. பனிக்குள் முதிரும் ரகங்களில் வயது கூடியதையே எடுங்கள். குட்டைச் செடி என்பதால் வரிசை இடைவெளி 38 செ.மீ.க்கு மேல் போகாமல், விதையைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

மேழி: உலர்த்தும் செலவு யார் கணக்கில்? அப்புறம் கோதுமைத் தாள், அதாவது வைக்கோல். இயந்திரம் குவித்துக் கொட்டிய தாள்மேல் விதைப்புக் கருவி போனால், அதன் வெட்டுத் தட்டு தாளை வெட்டாமல் மடக்கிச் சாலுக்குள் திணிக்கும். விதை தாள்மேல் உட்காரும், மண்ணைத் தொடாது.

கயல்: அறுக்கும்போதே அகலமாகச் சிதறவிட்டால் அந்தத் தொல்லை குறையும். காலையில் நமத்த தாள் வெட்டுப்படாது. வெயிலேறி மொறுமொறுப்பான பிறகு விதைக்கலாம். எரிக்கவோ உழவோ வேண்டாம், இருக்கிற ஈரமும் போய்விடும்.

நிலவன்: கோதுமைக்குக் குளோர்சல்ஃபியூரான் என்ற களைக்கொல்லி அடித்திருக்கிறேனே அக்கா?

மேழி: அப்படியானால் பேச்சே இல்லை. மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் மருந்து அது. கார மண்ணில் இன்னும் அதிகம். சோயா குறுகி மஞ்சளாகிவிடும்.

கயல்: இதில் அண்ணே சொல்வதுதான். அந்த வயலை விட்டுவிடுங்கள். வேறு வயல் இருந்தால் விதை விழும் ஆழத்தில் ஈரமிருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயும் வேண்டாம்.

மேழி: சோயா அறுக்கத் தாமதமானால் அடுத்த கோதுமையும் தள்ளிப்போய், தூர் (பக்கத் தண்டு) கட்டாமல் போகுமே?

கயல்: அதனால்தான் அடுத்து மக்காச்சோளம் வைக்கச் சொல்கிறேன். கோதுமை, சோயா, மக்காச்சோளம் என இரண்டு ஆண்டில் மூன்று விளைச்சல், கோதுமை விதைப்பும் பிந்தாது.